காரணம் சொன்ன பம்ப்

எங்கள் அக்காவுக்கு அலுவலகத்தில் 'முடியாது மேடம்' என்று பட்டப்பெயர். மருத்துவமனைகள் செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி ரகசியக் குறிகளால் பூட்டி அனுப்பும் முறைகளைச் சோதித்து, பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. லேசில் போடமாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். நான் கேட்டு அவள் சரி என்றது ஒரே ஒரு தடவை. அதுதான் வினையாகப் போனது.

நான் நர்ஸ். எங்கள் வார்டில் டாக்டர் குறிக்கும் மருந்தின் அளவு பூட்டிய செய்தியாகக் கட்டிலருகே உள்ள பம்புக்கு வரும். பம்ப் அதைத் திறந்து மருந்தைச் செலுத்தும். செய்தி கெட்டிருந்தால் 'ஏற்கவில்லை' என்று மொட்டையாகச் சொல்லி நின்றுவிடும். நான் அக்காவை நச்சரித்தேன்.

"ஏன் ஏற்கலன்னு சொன்னா என்னக்கா குறைஞ்சு போயிடும்? நாங்க என்ன ஜோசியமா பாக்குறது?"

மனம் இரங்கி, அந்த மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். 'வடிவம் தவறு', 'அளவு தவறு' என்று பம்ப் காரணம் சொல்லத் தொடங்கியது. வார்டே அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

மூன்று வருடம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைச் சோதனை அறைக்கு வரச் சொன்னாள். நாலு நாளாகத் தூங்காத முகம். அந்தப் பழைய கையெழுத்து இருந்த கோப்பு ஒன்றை நீட்டினாள். பாதுகாப்பு என்றால் என்ன என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள்: 'எதிரி ஒட்டுக்கேட்பான். கேட்டாலும் ஒன்றும் விளங்கக் கூடாது.'

"ஒட்டுக்கேக்கிறவன் கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருப்பான்னு எப்படிடி நினைச்சேன்?"

நான் சோதனை பம்புக்கு ஓர் அளவை ரகசியமாக அனுப்பினேன். பூட்டிய அந்தச் செய்தியை அக்கா வழியில் பிடித்து, சாவியே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் பம்ப் பொறுப்பாகக் காரணம் சொன்னது. அந்தக் காரணங்களை வைத்தே, மதியச் சாப்பாட்டுக்குள் நான் அனுப்பிய அளவைச் சொல்லிவிட்டாள். இரண்டு. பிறகு அதை இருபதாக்கி அனுப்பினாள். பம்ப் மறுபேச்சில்லாமல் ஏற்றது. என் நோயாளிகள் பதினாறு பேர் அதே வகை பம்புகளில்தான் இருந்தார்கள்.

மறுநாள் அவளுடைய மேலாளர், "இதுவரைக்கும் யாரும் பண்ணலையே மேடம்! ஏன் உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க?" என்றாராம்.

"பண்ணியிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது சார்."

பாதுகாப்பு என்றால் என்ன என்று அன்றே புதிதாக எழுதினாள்: 'எதிரி எதையும் அனுப்புவான். இந்த ஒரு செய்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாமே அவனுக்குத் திறந்து காட்டினாலும், இந்த ஒன்றைப் பற்றித் துளியும் தெரியக் கூடாது.' அறிக்கையில் தவறுக்கு யார் பொறுப்பு என்ற இடத்தில் 'நான்' என்று எழுதினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கேட்டது நான்க்கா. என்னை எழுது!"

"கேக்கிறது உன் வேலை. முடியாதுன்னு சொல்றது என் வேலை. நான்தான் செய்யல."

கையெழுத்துப் போடும் உரிமையை அவளிடமிருந்து பறித்துவிட்டார்கள். பம்புகளை மாற்றியாயிற்று. செய்தியில் கடுகளவு மாறியிருந்தாலும், எதற்கும் ஒரே பதில்: 'ஏற்கவில்லை.'

நேற்று வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் பம்பை முறைத்தாள். "ஏன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்? எந்தப் புண்ணியவதி வச்ச ஏற்பாடு இது?"

"எங்க அக்கா" என்றேன்.