இரண்டு முழம் கிட்டார்

மூன்று வருஷம் இருக்கும். ஆடி பிறக்கச் சில வாரங்கள் இருந்தபோது திருவொற்றியூரில் நடந்தது. நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பூ விற்கிறவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாடிக்கைக்காரர்களைத் தவிர வேறு யாரிடமும் பேச எனக்குக் கூச்சம். போனில் பேசுவதென்றால் இன்னும் அதிகம்.

என் மகள் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். நான்கு கம்பி போட்டது. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று வருமே, அது. பகலில் கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் வேலை. அங்கே ஒருமுறை கதவில் மாட்டி இடது கை சுண்டுவிரல் நசுங்கியது. ஆறிவிட்டது, ஆனால் நீட்ட வராது. அவளிடம் இருந்த கிட்டார் கழுத்து குட்டையானது என்பதால் அந்த விரலை வைத்துக்கொண்டே சமாளித்தாள். மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அது தண்ணீரில் ஊறிக் கழுத்து பிளந்துவிட்டது. ஆடி பிறந்தால் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக வரும். அதற்குள் கிட்டார் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகக் குழுவில் சொல்லிவிட்டார்கள்.

போனில் பழைய சாமான் விற்கும் பக்கம் ஒன்றில் அதே கிட்டார் மீஞ்சூரில் விலைக்கு இருப்பதாகப் பார்த்தாள். அதே பெயர், அதே நிறம். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு விதம் உண்டாம், கழுத்து குட்டையானது ஒன்று, நீளமானது ஒன்று. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கிட்டார் தலைக்குப் பின்னால் இருக்கிற நம்பரைப் பார்த்தால் தெரியும். இதில் அது தேய்ந்து போயிருந்தது. அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. வேலை செய்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் விற்கிறவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தாள். மேலே கம்பி உட்காரும் வெள்ளைக் கட்டையிலிருந்து கீழே கம்பி மாட்டும் இரும்பு வரை எவ்வளவு என்று கேட்டு வை என்றாள்.

மத்தியானம் போன் வந்தது. ஒரு பெண் குரல்.

“டேப்பு எங்கியோ கீதும்மா. தேடிட்டு அப்புறமா பண்ணட்டா?”

இன்னொரு தடவை போனில் பேச எனக்குத் தைரியமில்லை. “வேணாம்மா, முழம் போட்டுச் சொல்லு, போதும்” என்றேன். பிளந்த கிட்டாரை முதல் நாளே நான் முழம் போட்டு வைத்திருந்தேன். சரியாக இரண்டு முழம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார். “ரெண்டு முழம். கரெக்டா கீது.”

எனக்குச் சந்தோஷம். “வேற ஒருத்தரு சாயங்காலம் வரேன்னாரு. அவர வேணான்னு சொல்லிடட்டா?” என்று கேட்டார். சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் ரயிலேறி மீஞ்சூர் போனோம். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம். உள்ளே கட்டிலில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கிட்டார் அவருடையது. பாய்லர் ஆலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்ததில் காது போய்விட்டது. இனி வாசிக்க முடியாது என்று விற்கிறார்களாம்.

மகள் கிட்டாரை மடியில் வைத்து இடது கையை மேலே கொண்டுபோனாள். இசை எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது.

“ம்மா, இது நீட்டு” என்றாள் மெதுவாக.

“நீ சொன்ன மாரிதானம்மா அளந்தேன்” என்று அந்த அம்மா எங்கள் முன்னாலேயே மறுபடியும் முழம் போட்டார். சரியாக இரண்டு. பிறகு நான் போட்டேன். இரண்டு முழம் போய் நாலு விரல் மிச்சம் நின்றது. அவர் முழங்கையோடு முழங்கை சேர்த்துத் தன் கையை என் கையோடு வைத்துப் பார்த்தார். என் நடுவிரல் நுனி அவருடைய விரலில் பாதிக்குக்கூட வரவில்லை.

“பூ விக்கிற கையா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அதான பார்த்தேன். பூக்காரம்மா முழத்த நம்பி, வரேன்னு சொன்ன ஆள வேணான்னுட்டேன் பாரு” என்று சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை. நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

வீட்டுக்காரர், “இன்னா ஆச்சு?” என்று உரக்கக் கேட்டார். அந்த அம்மா அவர் முகத்துக்கு நேராக நின்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னார். அவர் எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்துச் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

“வாசி” என்றார்.

“அண்ணா, எட்டாது.”

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். “எட்டற வரிக்கும் வாசி.”

மூலையிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒயரை மாட்டிவிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மகள் கொஞ்ச நேரம் வாசித்தாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அவள் நிறுத்தியதும் அவர் கையை எடுத்தார்.

“ஒனக்கு வேண்டியது குட்டக் கழுத்து. பேரு ஒண்ணு, ரெண்டு தினுசா வந்துது. இது நீட்டு. எம்.கே.பி. நகர்ல நம்ம தோஸ்து கையில குட்ட ஒண்ணு கீது. விப்பானான்னு தெரியாது. கேட்டுப் பாக்கறேன்.”

அந்த அம்மாவிடம் கேட்டேன். “நாம போன்ல பேசினப்ப இவரு எங்கம்மா இருந்தாரு?”

“இங்கதான். என் பக்கத்துலதான் குந்திகினு இருந்தாரு.”

கிட்டாரை வாசித்தவரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த வாரமே மகளின் போனுக்குப் படம் வந்தது. அவரே ரயிலேறிப் போய் நண்பர் வீட்டுக் கிட்டார் மேல் இரும்பு டேப்பை நீட்டிப் பிடித்திருந்தார். முப்பது அங்குலத்தில் அவர் கட்டைவிரல். தலைக்குப் பின்னால் இருந்த நம்பரைத் தனியாக ஒரு படம். மகள் சரிபார்த்தாள், அதேதான். நண்பரும் விற்க ஒத்துக்கொண்டார். ஆடி முதல் கச்சேரியில் அதை வைத்து வாசித்தாள். நான் வேண்டாமென்று சொல்லச் சொன்ன ஆள் அதற்குள் வேறு வாங்கிவிட்டதால், மீஞ்சூர் கிட்டார் விற்க மார்கழி வரை ஆயிற்று. அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் வேறு யார் மூலமோ தெரிந்துகொண்டாள்.

இன்றும் முழம் போட்டுத்தான் பூ விற்கிறேன், கூச்சமும் போகவில்லை. ஆனால் போனில் யாரிடமாவது ஏதாவது விசாரிக்க நேர்ந்தால், வைப்பதற்கு முன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.