மஞ்சள்காமாலைச் சான்றிதழ்

பிளஸ் டூ படிக்கும்போது எனக்கு மஞ்சள்காமாலை வந்ததாக எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் நம்புகிறார்கள். வரவே இல்லை. வந்தது குறைந்த மார்க்தான்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் நான் விண்ணப்பித்த கல்லூரியில், கணிதத்துக்குக் கேட்ட மார்க்கைவிட எனக்கு நான்கு குறைவு. அப்படிக் குறைந்தவர்களில் சிலரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தக்க காரணம் இருந்தால் மிச்சமிருக்கும் இடங்களைத் தருவார்கள். காரணத்துக்கு அப்பா வழி செய்துவிட்டார். ஜனவரி முழுக்க நான் காமாலையில் படுத்திருந்ததாக, தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கினார்.

"கேட்டா காமாலைன்னு சொல்லு. வேற எதுவும் பேசி மாட்டிக்காத."

என்னைக் கூப்பிட்ட அன்று பெற்றோரை உள்ளே விடவில்லை. அப்பா மரத்தடியில் நின்றார். உள்ளே மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் என் ஃபைலைப் புரட்டினார். பாட்டுப் போட்டி, கோலப் போட்டி என்று வீட்டிலிருந்த அத்தனை சான்றிதழையும் அம்மா அதில் சொருகியிருந்தாள். அதில் ஒன்றை உருவி, டாக்டர் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வருடம் ஒருநாள்கூட லீவு போடாததற்காகப் பள்ளிக்கூடம் கொடுத்தது அது.

"இதுல எதும்மா நிஜம்?"

உண்மையைச் சொன்னால் அப்பா மாட்டுவார், என் இடமும் போகும். ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் வரவில்லை.

"லீவு போடாததுதான் சார்."

"ஒருநாள்கூடவா?"

"அப்பா விடமாட்டார் சார். செம்பாக்கம் ஏரி நிரம்பி ரோட்டுல தண்ணி வந்தப்பகூட, என்னை சைக்கிள்ல உட்கார வெச்சுத் தள்ளிக்கிட்டே வந்து விட்டார்."

"அப்புறம் மார்க் ஏன் குறைஞ்சது?"

"படிச்சேன் சார். அன்னிக்கு ரெண்டு கணக்கு வரல."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். டாக்டரின் சான்றிதழை மடித்து என் கையில் கொடுத்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடு. லீவே போடாத பொண்ணு இங்கயும் ஒழுங்கா வருவா. ஆபீஸ்ல போய் ஃபீஸ் கட்டு."

வெளியே வந்து இடம் கிடைத்ததைச் சொன்னேன். "பாத்தியா! அந்த டாக்டர் கைராசிக்காரர்!" என்று அப்பா குதித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

உள்ளே நடந்ததை அப்பாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம். அவர் பொய்யைக் காட்டிக்கொடுத்தேன் என்று கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அப்புறம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த டாக்டரின் புண்ணியத்தில்தான் நான் படித்தேன் என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு அப்பா போய்விட்டார். முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளியவர்தான் எனக்கு இடம் வாங்கித் தந்தார் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.