மெல்ரிக் யாருடைய தகப்பன்?

சனிக்கிழமை, காலை 8.20. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து வாசலில் நின்று கைப்பையை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்தேன். மகன் வேலையிடத்தில் அச்சடித்துத் தந்த கடதாசி இருந்தது. பென்சில் இருந்தது. செத்துப்போன எங்கள் நாய் பிஞ்சுவின் மருத்துவச் சீட்டும் இருந்தது. குணம் அண்ணை காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் ஒன்பதாம் மாடி, நாங்கள் பதினோராம் மாடி. வாரநாளில் டாக்ஸி ஓட்டுகிறவர். போய்வர நூறு டொலர் என்று முதலே பேசிவிட்டேன். பிறகு பெற்றோல், காத்திருப்பு என்று கதை வரக்கூடாது.

"என்ன நாய் பாக்கப் போறாய் தங்கச்சி?"

"கவலியர் எண்டு ஒரு சாதி, அண்ணை. நீட்டுக் காது, பெரிய கண். சின்ன நாய்தான்."

"கவலியரோ? உனக்கெண்டே வைச்ச பேர்."

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கவலைப்படக் காரணம் இருந்தது. என் கணவர் தவத்துக்கு இதயத்தில் அறுவை நடந்தபின், தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பிஞ்சு இருந்தவரை நடந்தார். பிஞ்சுவை வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில், முகம் சரியாகத் தெரியாத ஒருவனிடம் வாங்கினோம். கடதாசி பிறகு வரும் என்றான். வரவேயில்லை. ஐந்து வயதில் பிஞ்சுவுக்கும் இதயம் பழுதானது. மிருக வைத்தியரிடம் கடைசி ஊசிக்குக் கொண்டுபோனவர் தவம்தான். அன்றிலிருந்து அவர் கட்டடத்தை விட்டு இறங்கவில்லை. "இன்னொண்டையும் ஊசிக்குக் கொண்டுபோக என்னால ஏலாது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஆகவே அவருக்குத் தெரியாமல், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நல்ல நாய் கிடைத்தால் அவர் இறங்குவார். இன்னொரு பழுதான நாயைக் கொண்டுவந்தால் அவரை நானே கொன்றதுபோல.

8.50. ஸ்டீல்ஸ் சந்திக்குப் பக்கத்தில் இரண்டு கோப்பி வாங்கினோம், நாலு டொலர் முப்பது சதம். காருக்குள், நாய் வளர்க்கிறவள் மகனுக்கு அனுப்பிய கடதாசியை மடியில் விரித்தேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகத்தான் வாசிப்பேன். அதில் ஒரு வசதி, ஒரு எழுத்தும் தப்பாது. நாயின் பரம்பரைக் கடதாசி பக்கவாட்டில் படுத்த மரம்போல இருக்கும். இடது பக்கம் குட்டி, அடுத்த வரிசையில் தாய் தகப்பன், அதற்கடுத்து அவர்களின் தாய் தகப்பன், கடைசியில் பூட்டன் பூட்டிமார். தகப்பன் பெயர் மெல்ரிக் பிரின்ஸ். தாய் பெயர் மெல்ரிக் ரூபி.

பென்சிலை எடுத்து இரண்டு மெல்ரிக்குக்கும் கீழே கோடு போட்டேன். எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். அப்படியென்றால் பிரின்சுக்கும் ரூபிக்கும் தகப்பன் ஒரே மெல்ரிக்.

"அண்ணை, இது அண்ணனும் தங்கச்சியும்!"

"காரைத் திருப்பட்டோ?"

திருப்ப வேண்டாம் என்றேன். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத் திரும்பலாம்.

யூனியன்வில் தாண்டும்வரை கெனடி வீதியின் இரண்டு பக்கமும் வீடுகள். மேஜர் மக்கன்சி வீதிக்கு அங்கால் கட்டி முடியாத வீடுகள், பிறகு சோளம் வெட்டிய வயல். எங்கள் வாசலில் இருந்து ஒரே வீதி, வளைவே இல்லை. இவ்வளவு லேசான வழியும் எனக்குப் பிடிக்கவில்லை. நாய் வளர்க்கிறவள் போனில் தமிழில் பேசியது இன்னும் பிடிக்கவில்லை. தமிழ் ஆள் என்றால் கேள்வி கேட்க வெட்கப்படுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். குட்டி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் டொலர் என்றவள், விலை குறைப்பாளா என்று நான் கேட்டதும் கோபிக்காமலே குறைக்க மாட்டேன் என்றாள். அதுவும் சந்தேகம்தான்.

9.55. ஐம்பத்து நாலாவது கிலோமீற்றரில் கிறவல் கல் போட்ட பாதை, அதன் முடிவில் பச்சைக் கூரை வீடு. திரேசா என்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மன்னார் ஆள். கழுத்தில் சிலுவை, காலில் சேற்றுச் சப்பாத்து. வாசலிலேயே எங்கள் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கையில் மருந்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"வேற நாய் வளக்கிற இடத்துக்கு இந்தக் கிழமை போனீங்களோ?"

"இல்லை."

"உண்மையா?"

என்னைச் சந்தேகிக்க இவள் யார் என்று கோபம் வந்தது. கடதாசியை மேசையில் வைத்து, பென்சிலால் கோடு போட்ட இடத்தைக் காட்டினேன்.

"தங்கச்சி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. ரெண்டுக்கும் தகப்பன் மெல்ரிக்தானே?"

அவள் கடதாசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"ஐயோ அக்கா! மெல்ரிக் எண்டது நாங்கள் முந்தி இருந்த தெரு. இந்த வீட்டில பிறக்கிற எல்லா நாய்க்கும் அதை முன்னால போட்டுத்தான் பதியிறது. வீட்டுப் பேர் மாதிரி."

குணம் அண்ணை யன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றார். என் காது சுட்டது. ஆனால் வெட்கத்தில் குனிந்த கண் மறுபடி கடதாசியிலேயே விழுந்தது. கடைசி வரிசையில், தகப்பன் பக்கத்தில் ஹாத்லி டியூக். தாய் பக்கத்திலும் ஹாத்லி டியூக். எழுத்து எழுத்தாக இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"அப்ப உது? உதுவும் தெருவோ?"

திரேசாவின் சிரிப்பு நின்றது.

"இல்லை. அது ஒரே நாய்தான். இவ்வளவு பேர் வந்து போச்சினம், ஒருத்தரும் அவ்வளவு தூரம் வாசிக்கேல்லை."

"அப்ப தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள்."

"எங்கட ஊரில அது நல்ல சம்பந்தம்" என்றார் குணம் அண்ணை.

"நாயிலயும் சில நேரம் நல்லதுதான் அண்ணை, தெரிஞ்சு செய்தால்" என்றாள் அவள். "இந்தச் சாதிக்கு இதயம்தான் வில்லங்கம். டியூக் பதின்மூண்டு வயசு வரைக்கும் இருந்தவன், கடைசி வரைக்கும் இதயத்தில ஒரு சத்தமும் இல்லை. அந்த இரத்தம் வேணுமெண்டுதான் ரெண்டு பக்கத்தாலும் எடுத்தனான். ஆனா நல்லது ரெட்டிக்கேக்க கெட்டதும் ரெட்டிக்கும். அதால இனி டியூக்கின்ர பேர் ரெண்டு பக்கமும் வரவிடமாட்டன். அடுத்தது வெளி இரத்தம்."

"இதயத்தில சத்தம் இல்லையெண்டு நீங்கள் சொல்லுறியள். நான் எப்பிடி நம்புறது?"

அவள் எழும்பிப் போய் ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்தாள். இதய வைத்தியரின் சீட்டுகள் வருட வரிசையில் ஒட்டியிருந்தன. அவற்றை நான் பெரிதாக எடுக்கவில்லை. சீட்டுச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அவள் கையெழுத்தில், வீடு வீடாகப் போன குட்டிகளின் பெயர், எத்தனை வயதில் செத்தது, எதனால் செத்தது. பதினொன்று, முதுமை. ஒன்பது, புற்று. ஒரு பக்கத்தில் சிவப்பு மை: ஜூனி, நாலு வயது, இதயத்தில் இரைச்சல்.

"உது என்ன?"

"பிரின்சின்ர பெரியம்மா ஒருத்தி போட்ட குட்டி. அந்த வீட்டுக்காரர் போன் எடுத்து அழுதவை. அண்டையோட அந்தத் தாய் குட்டி போடுறதை நிப்பாட்டிப் போட்டன். பிரின்சையும் அஞ்சு வயசு வரைக்கும் சேரவிடேல்லை, ஒவ்வொரு வருசமும் இதயம் பாத்தனான்." நான் பிஞ்சுவின் சீட்டை எடுத்துக் காட்டி அதன் கதையைச் சொன்னேன். அவள் என் பக்கம் குனிந்தாள். "உங்கட பிஞ்சு செத்ததை வித்தவனுக்குச் சொன்னீங்களோ?"

"போன் நம்பர் வேலை செய்யேல்லை."

"அவன்ர தாய் நாய் இன்னும் குட்டி போட்டுக்கொண்டு இருக்கும், அக்கா."

அந்த அறையில் நான் ஒரே ஒரு தடவை சந்தேகப்படாமல் இருந்தேன் என்றால் அது அப்போதுதான். ஏமாற்றுகிறவன் செத்த கணக்கை வைத்திருக்க மாட்டான். அதற்குப் பிறகும் ரூபியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன், குட்டிகள் படுக்கும் இடத்தை மணந்து பார்த்தேன். திரேசாவும் விடவில்லை. பதினோராம் மாடியில் நாயை யார் இறக்குவது, குளிருக்கு என்ன செய்வீர்கள் என்று நாலு பக்கம் கேள்வி. கடைசியில் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கினாள்: ஒவ்வொரு வருடமும் இதயம் காட்டி அவளுக்குச் சொல்ல வேண்டும், செத்தால் எதனால் என்றும் சொல்ல வேண்டும். குட்டிக்கு இப்போது ஐந்து கிழமை. இன்னும் ஐந்து கிழமை தாயோடு இருக்கும். நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

12.15. திரும்பும் வழியில் கடதாசியை மறுபடி மடியில் விரித்தேன். எனக்குக் கலியாணம் பேசியபோது சாதகம் மூன்று பேரிடம் காட்டினார்கள். என்ன ஆட்கள், எந்த ஊர், காணி எவ்வளவு என்று எல்லாம் கேட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் எதனால் செத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் முப்பத்தொரு வருடமாகக் கேட்கவில்லை.

1.30. தவம் கதவைத் திறந்தார். என் காற்சட்டையில் வெள்ளை மயிர்.

"கோயிலில ஆரப்பா உனக்கு மயிர் அப்பிவிட்டது?"

எல்லாவற்றையும் சொன்னேன். தெருப் பெயரைத் தகப்பன் ஆக்கியதையும் ஒளிக்கவில்லை. கடதாசியை வாங்கி, கண்ணாடி போட்டு, கடைசி வரிசைவரை விரலை ஓட்டினார்.

"பூட்டன் பதின்மூண்டு வயசோ? மனிசக் கணக்கில எழுவதுக்கு மேல வரும். என்ர அப்பா நாப்பத்தாறு. நிண்ட நிலையில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர்." கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "எங்கட குடும்பத்தை விட நல்ல குடும்பம். வரச்சொல்லு."

மாலையில் மகனுக்குப் போன் எடுத்து, இந்தக் கிழமையே டொக்டரிடம் போய் இதயம் காட்டச் சொன்னேன்.

"வட் அம்மா? டோக் பாக்கப் போயிட்டு எனக்கேன் செக்கப்?"

மகனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. சப்பாத்தைத் தேடிக் கட்டிலுக்குக் கீழ் குனிந்துகொண்டிருந்த தவம் அங்கிருந்தே சொன்னார்.

"உன்ர பேரோட ஒட்டிக்கொண்டு என்ர பேர் கிடக்கெல்லே? அதுதான்."