எதிரிக்குச் சுற்றிய பெடல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொக்குவிலில் எனக்கு ஒரேயொரு பதவி இருந்தது. எங்கள் வாசிகசாலைச் சதுரங்கப் போட்டியில் வென்றவருக்கு, அந்த வருடம் முழுவதும் காலைப் பத்திரிகையை முதலில் வாசிக்கும் உரிமை உண்டு. யுத்தத் தட்டுப்பாட்டுக் காலம், பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாகி ஒரேயொரு பிரதிதான் வரும். பத்து மணிக்குள் முப்பது பேரின் விரல் பட்டு அது பழந்துணியாகிவிடும். மூன்று வருடமாக அதை மொரமொரப்பாக வாசித்தவன் நான். வேலை செய்த கந்தோரிலோ வீட்டிலோ என்னை யாரும் எதற்கும் முதலில் கூப்பிட்டதில்லை. ஆகவே நாலாவது வருடமும் அந்தத் தாள் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வருடம்தான் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு யந்திரத்தோடு வந்தார். ரயில் நின்றுபோய், தண்டவாளமும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட, சும்மா இருந்த மனிதர். வெளியே போகும் பாதை மூடுமுன் ஜெர்மனியிலிருந்து மகன் அனுப்பிய சதுரங்கக் கணினி அது. பலகைக்குள்ளேயே மூளை. நாங்கள் காயை அழுத்தி வைத்தால், தன் நகர்வைச் சிவப்பு விளக்குகளால் காட்டும்.

“எனக்கு விளையாடத் தெரியாது. என்ரை பேரிலை இது விளையாடட்டும்” என்றார். செயலாளர் விதிகளைப் புரட்டினார். யந்திரம் கூடாதென்று எங்கும் இல்லை. “வரட்டுமே, பாப்பம்” என்று பெருந்தன்மையோடு சொன்னவன் நான்தான். அது எங்கள் திறமான ஆட்டக்காரர் இரண்டு பேரைச் சுருட்டிவிட்டு இறுதியாட்டத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. வீடுகளில் ரேடியோ கேட்கிற வழிதான் இதற்கும். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் வழியாக மின்சாரம் வரும். செய்தி முடியுமுன் சுற்றுகிறவரின் கை தளர்ந்தால், பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே பெடலைப் பிடித்துக்கொள்வார். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

மாஸ்டர் ஒரு கையால் சுற்றினார், மறு கையால் யந்திரத்தின் காய்களை நகர்த்தினார். சைக்கிள் சில்லு சுற்றாமல் நின்றால் யந்திரம் ஆட்டத்தையே மறந்துவிடும். அப்படி மறந்தால் தோல்வி என்பது செயலாளரின் தீர்ப்பு.

பதினைந்தாவது நகர்வில் என் குதிரை போயிற்று. அப்போதுதான் மாஸ்டருக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்தேன். எனக்குள் ஒரு ராசதந்திரி விழித்தான். நெற்றியில் விரலை வைத்து ஆழமாகச் சிந்திக்கத் தொடங்கினேன். சிந்திக்க ஒன்றும் இருக்கவில்லை.

“என்ன காணும், சாத்திரம் பாக்கிறீரோ?” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

“அவர் நித்திரை. எழுப்பாதையுங்கோ” என்றார் இன்னொருவர்.

பத்து நிமிடம் போயிருக்கும். மாஸ்டரின் கை பெடலிலிருந்து வழுக்கியது. சில்லின் இரைச்சல் இறங்கி, விளக்குகள் மங்கின. இன்னும் இரண்டு விநாடி நான் சும்மா இருந்திருந்தால் பத்திரிகை எனக்கு.

என் கை பாய்ந்து பெடலைப் பிடித்துச் சுற்றியது. தருமசிந்தனை என்று யாரும் நினைக்கவேண்டாம்; இரண்டு வருடமாகச் செய்தி கேட்ட பழக்கம். விளக்குகள் மறுபடி பிரகாசமாகி, என் கோட்டை ஒன்று பறிபோகப்போவதைத் தெளிவாகக் காட்டின.

“தம்பி, உம்மடை ஆட்டமல்லோ கெடுது. விடும், நான் சுத்திறன்” என்றார் மாஸ்டர் இளைத்தபடி.

“இருங்கோ அண்ணை, மூச்சை எடுங்கோ” என்றேன். அத்தனை பேர் பார்க்க வேறென்ன சொல்வது?

வலக்கையால் எதிரிக்கு உயிர் கொடுத்து, இடக்கையால் அவனோடு போரிட்டேன். என் அரசன் ஒரு மூலையில் முடிந்தான்.

மறுநாள் காலை, செயலாளர் மடிப்புக் கலையாத பத்திரிகையை மாஸ்டரிடம் நீட்டினார். பெடல் சுற்றிய அவர் கை நடுங்கியது. தாள் படபடத்து ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. “தம்பி, ஒருக்கா பிடியும்” என்றார். பிடித்தேன். என் கை அவருடையதைவிட மோசமாக நடுங்கியது.

கடைசியில் அதை மேசையில் விரித்து, இரண்டு பேரும் குனிந்தோம். முன்பக்கத்தை அவர் வாசித்தார். எனக்குக் கிடைத்தது பின்பக்கத்து மரண அறிவித்தல். அதுவும் மொரமொரப்பாகத்தான் இருந்தது.