மிஸ் ஐந்து, மிஸஸ் நான்கு

நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரை விட்டுப் போய்விட்ட ஒருத்தியின் மீது பதினைந்து வருடம் கோபமாக இருந்திருக்கிறேன். எழுதவே வெட்கமாகத்தான் இருக்கிறது. விளையாடுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எதிரில் ஆள் இல்லாவிட்டால் நாங்களே ஒருத்தரை உண்டாக்கிக்கொள்வோம்.

யாங்கூனில் நான் ஆடும் டென்னிஸ் கிளப் வெள்ளைக்காரர் காலத்தது. அதன் வராந்தாவில் ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. பெண்கள் ஒற்றையர் கோப்பையை ஒவ்வோர் ஆண்டும் வென்றவரின் பெயர் அதில் இருக்கும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட வரிகளில் பெரும்பாலும் இரண்டே பெயர்கள். முதலில், 'மிஸ்' என்று தொடங்கும் ஒரு குடும்பப் பெயர், ஐந்து முறை. நடுவில் ஓராண்டு வேறு யாரோ. பிறகு 'மிஸஸ்' என்று தொடங்கும் இன்னொரு குடும்பப் பெயர், நான்கு முறை, அதற்கிடையிலும் ஒருமுறை வேறு யாரோ. அப்புறம் போர் வந்து பலகை நின்றுபோகிறது. மறுபடி தொடங்கும்போது பர்மியப் பெயர்கள், சீனப் பெயர்கள். கடைசியில் என் பெயர்.

பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு புகைப்படங்கள். இடப்பக்கம் மிஸ்: கணுக்கால்வரை வெள்ளைப் பாவாடை, நெற்றியைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, சிரிப்பு வந்தும் அடக்கிக்கொண்ட வாய். வலப்பக்கம் மிஸஸ்: முழங்காலோடு நின்றுவிட்ட உடை, ஒட்ட வெட்டிய முடி, முகத்தில் பாதியை மழைக்காலப் பூஞ்சை தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் பாதியில் ஓர் அதிகாரம் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இவ்வளவு போதாதா? ஒரு கதையே கட்டிவிட்டேன். மிஸ் சின்னப் பெண், நல்லவள், ஐந்து கோப்பை வென்றவள். பணக்காரக் கணவனோடு கப்பலில் வந்திறங்கிய மிஸஸ், அவளைத் தோற்கடித்து விரட்டிவிட்டாள். ஆடப் போகும்போதெல்லாம் மிஸ்ஸைப் பார்த்துத் தலையசைப்பேன். மிஸஸ்ஸைப் பார்க்கமாட்டேன். என் கணவர் ஒருமுறை இதைக் கவனித்துவிட்டு, "செத்தவளோட என்னடி சண்டை, உசுரோட நான் ஒருத்தன் இருக்கேன்ல?" என்றார்.

பசுந்தாங்கில் நான்காவது மாடியில் குடியிருக்கிறேன், லிஃப்ட் கிடையாது. காலுக்கு வேறு பயிற்சி வேண்டியதில்லை. கியாக்டடாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். விடியற்காலை ஆட்டம், பிறகு பஸ், பிறகு வகுப்பு. இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதற்கிடையில் ஐந்து முறை கோப்பை வென்றேன். ஐந்து என்றால் மிஸ்ஸுக்குச் சமம். ஆறு வென்றால் அந்தப் பலகையில் நான்தான் முதல் ஆள். அந்த ஆறு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருடம் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் தோற்று, ஒவ்வொரு முறையும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் ஆறு கிடைத்தது. எதிரில் இருபத்து மூன்று வயதுப் பெண். எனக்கு நாற்பத்து நான்கு. அவளுக்கு ஓட்டம், எனக்குப் பொறுமை. மூன்றாவது செட்டில் அவள் பொறுமை தீர்ந்தது. பந்து நெட்டில் விழுந்ததும் நான் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். முழங்கால் எழவிடவில்லை, அவ்வளவுதான்.

கிளப்பின் செயலாளர் அறுபதைத் தாண்டியவர். அப்பா தமிழர், அம்மா பர்மியர். நான் அவரை 'ஊலே' என்பேன், பர்மியத்தில் மாமா என்று அர்த்தம். அவர் என்னை 'செயாமா' என்பார், டீச்சருக்கு அதுதான் இங்கே சொல். அவர் குதூகலமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விழா, எல்லாருக்கும் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ், கேக், என் படம் போட்ட பேனர். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்.

"செயாமா, பளைய சாம்பியன் ரெண்டு பேரப் பத்தியும் ஒரு பக்கம் எளுதிக் குடுங்க. நீங்க யார ஜெயிச்சீங்கன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? அலமாரில பளைய புஸ்தகம் எல்லாம் கெடக்கு."

அவை கிளப்பின் ஆண்டு மலர்கள். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியைப் பள்ளிவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். மிஸ்ஸைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரயில்வே அதிகாரி ஒருவரின் மகள். பதினெட்டு வயதில் முதல் கோப்பை. அந்தக் கணுக்கால் பாவாடையோடு, ஏப்ரல் மாத வெயிலில், இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறாள். நாங்கள் ஏப்ரலில் எட்டு மணிக்கு மேல் கோர்ட் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கப்பலேறிக் கல்கத்தா போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியிருக்கிறாள். திரும்பிய வாரமே இங்கே ஆண்களோடு பயிற்சிக்கு இறங்கிவிட்டாள் என்று மலரில் கொஞ்சம் அதிருப்தியோடு எழுதியிருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஐந்தாவது கோப்பைக்கு அடுத்த மலரில் இரண்டு வரி. நம் சாம்பியனுக்குத் திருமணம் ஆகிவிட்டது, இனி கணவரின் பெயரில் ஆடுவார் என்று போட்டு, கணவரின் குடும்பப் பெயரையும் கொடுத்திருந்தார்கள். அது மிஸஸ்ஸின் பெயர்.

முதலில் எனக்கு உறைக்கவேயில்லை. இரண்டாவது தடவை படித்தபோது எழுந்து போய்ப் புகைப்படங்களைப் பார்த்தேன், முகங்களை அல்ல, கைகளை. இரண்டு பேருக்கும் இடது கை. இரண்டு பேருமே மட்டையின் பிடியில் நான்கு விரல்களை மட்டும் வைத்து, சுண்டுவிரலைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். அப்படிப் பிடிக்கிற ஆளை நான் வாழ்நாளில் வேறெங்கும் கண்டதில்லை. இத்தனை வருடமும் அந்தப் படங்களுக்குக் கீழேதான் காலணிக்கு முடிச்சுப் போட்டிருக்கிறேன். டென்னிஸ் தெரிந்தவள் என்று பேர் வேறு.

ஒருவருக்குமே ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். எங்களுக்குத் தோன்றாது. பர்மியப் பெண்ணுக்குப் பிறந்த கிழமை பார்த்து வைத்த பெயர்தான் சாகும்வரை. கல்யாணம் அதைத் தொடாது. எங்கள் தமிழ்ப் பெண்களுக்கும் அப்பாவின் முன்னெழுத்து போய்க் கணவரின் முன்னெழுத்து வரலாம், பெயர் போகாது. பலகையில் இரண்டு பெயர் இருந்தால் எங்களுக்கு அது இரண்டு பெண். கிளப் எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அந்தப் பலகையைத் துடைத்திருக்கிறார்கள், புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார்கள். எல்லாரும் இரண்டாகவே எண்ணியிருக்கிறோம்.

ஐந்தும் நான்கும் ஒன்பது. நான் ஆறு. சாதனையாவது மண்ணாவது.

மீதி மலர்களையும் படித்தேன், இப்போது கோபத்தோடு. பெயர் மாறிய அந்த இடைப்பட்ட ஓராண்டு அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த ஆண்டு கோப்பையோடு வந்து நிற்கிறாள். நான் என் பையனைப் பெற்றுவிட்டுத் திரும்பக் கோர்ட்டுக்கு வர மூன்று வருடம் ஆனது. கோபப்பட்டுக்கொண்டே அவளை மெச்சினேன், வேறு வழியில்லை. ஒரு இறுதி ஆட்டத்தின் விவரம் மட்டும் நீளமாக இருந்தது. கடைசி செட், ஆட்டம் முடிய ஒரே ஒரு புள்ளி. அவள் அடித்த பந்து கோட்டுக்கருகே விழுகிறது. அம்பயர் அவளுக்கே கொடுத்துவிட்டார். கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. அவள் நேராக அம்பயரிடம் போய், பந்து வெளியே, நான் பார்த்தேன் என்று சொல்கிறாள். புள்ளி மாறுகிறது, ஆட்டமும் மாறுகிறது. அந்த ஆண்டுக் கோப்பை வேறொருத்திக்குப் போனது. அதையும் அவளே வென்றிருந்தால் பத்து.

மலரை மூடினேன். எங்கள் வார நாள் ஆட்டங்களுக்கு அம்பயர் கிடையாது. உன் பக்கம் விழும் பந்துக்கு நீதான் சொல்ல வேண்டும். சந்தேகமிருந்தால் எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். இதை ஏமாற்றுகிறவர்களோடு நான் இரண்டாவது முறை ஆடுவதில்லை. இப்போது பந்து என் பக்கம் விழுந்திருந்தது, பார்த்தவள் நான் ஒருத்திதான். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போய், நான் உடுத்தும் தமெய்ன்கள் அடுக்கிய அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கரையான் தின்னட்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். படித்துக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது.

"யபாதே, செயாமா, பரவால்ல. இத நீங்க படிக்கலன்னு வச்சுக்கங்க."

"படிச்சிட்டேனே, ஊலே."

"யாருக்குத் தெரியும்? கேக்குக்குச் சொல்லியாச்சு. பேனர் அடிச்சாச்சு. அவ பேரன் பேத்தி வந்து கேக்கப் போறாங்களா?"

"கேக்க மாட்டாங்க. அதுக்காக?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க கொள்ளுத் தாத்தா அந்தக் காலத்துல இதே கோர்ட்ல உருளை இழுத்தவர்தானே? எங்கப்பா சொல்லியிருக்காரு. நம்ம ஆளுங்க தண்ணி தெளிக்க, உருளை இழுக்க, பந்து பொறுக்க மட்டுந்தான் உள்ள வரலாம். மட்டையத் தொட்டா வேல போயிரும். அந்த வெள்ளக்காரிக்காவ நீங்க எதுக்கு விட்டுக் குடுக்கணும்? ஒரு கணக்கு இப்பத்தான் நேராவுது. விடுங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் கொள்ளுத் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர். நகராட்சியில் தெருவுக்குத் தண்ணீர் தெளித்தார், மாலையில் இந்த கிளப்பில் உருளை இழுத்தார். அவள் ஆடிய தரையை ஒருவேளை அவர்தான் சமப்படுத்தியிருப்பார். அவள் அவரை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். அதற்காக அவள் மீது இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

"ஊலே, நம்மள உள்ள விடாதது அவங்க செஞ்ச தப்பு. அவ ஒம்போது தடவ ஜெயிச்சது நெசம். ஒண்ணுக்கு ஒண்ண வச்சுக் கழிக்க முடியாது" என்றேன். குரல் நடுங்கியது. கொள்கைக்காக நடுங்கவில்லை. ஆறு போகிறதே என்றுதான்.

அவர் என் தேநீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "உங்களுக்குப் பயித்தியம்" என்றார். பிறகு பேனர்காரனுக்கு போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. பேனரில் 'சாதனை' என்ற சொல்லின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். காற்றில் அது பாதி பிய்ந்து எல்லாரும் படிக்கும்படிதான் இருந்தது. செயலாளர் நடந்ததைப் பர்மியத்தில் சொன்னார். கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கைதட்டல். எனக்கு எதிராக ஆடிய பெண், "அமா, ஒன்பதா? குழந்தை பெற்ற பிறகு நாலா?" என்று என்னிடமே மூன்று முறை கேட்டாள். அமா என்றால் இங்கே அக்கா. நாங்கள் இருவரும் புகைப்படங்களுக்கு முன் நின்று சுண்டுவிரலைத் தொங்கவிட்டு மட்டையைப் பிடித்துப் பார்த்தோம். வரவில்லை. படத்திலிருப்பவள் எப்படி அந்தப் பிடியில் சர்வீஸ் போட்டாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பெரிய பலகையை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே அதிக முறை வென்றவர்களுக்கென்று ஒரு சின்னப் பலகை மாட்டினார்கள். முதல் வரியில் அவளுடைய இரண்டு பெயர்களும் சேர்ந்து, எதிரே ஒன்பது. இரண்டாவது வரியில் நான், எதிரே ஆறு. எல்லாரும் மொஹிங்கா சாப்பிடப் போன பிறகு தனியாக நின்று அதைப் பார்த்தேன். வலித்தது. இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துப்பில்லை. இருபது வருட விடியற்காலைகளை யாரோ கூப்பிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டதுபோல இருந்தது.

கணவர் கையில் கேக் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். பலகையை மேலும் கீழும் படித்தார். "தோத்துட்டியே" என்றார், கிண்டலாகத்தான்.

ஆமாம், தோற்றுவிட்டேன். அவளிடம் தோற்பதற்கு அதே கோர்ட்டில், கையில் மட்டையோடு, அவளுக்கு எதிரில் நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த இடம்வரை வந்த முதல் ஆள் நான்.