கீழப்பழுவூர் ரைட் அவுட்

அய்யம்பெருமாள் லேசில் யாரையும் நம்ப மாட்டார். கடைக்காரர் தராசைத் தூக்கினால் பருப்பைப் பார்க்க மாட்டார், முள்ளைத்தான் பார்ப்பார். நிலத்துக்காரர் நாளைக்கு வரச் சொன்னால், இன்றைக்கு ஏன் வேண்டாம் என்கிறார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வருவார். கீழப்பழுவூரின் கிழக்குக் கடைசியில், சொந்தமாகக் கையளவு நிலம்கூட இல்லாத நாற்பது குடும்பங்களின் தெருவில் பிறந்தவர். களையெடுப்பு, கடலை பிடுங்குவது, சோளம் அறுப்பது என்று எது கிடைத்தாலும் போவார். வேலை இல்லாத நாளில் கரட்டுக் காட்டில் முயல் விரட்டுவார். நாய் கிடையாது, வலை கிடையாது. அவரேதான் ஓடுவார்.

1976இல் அவருக்கு இருபத்தைந்து வயது. மனைவி கொளஞ்சியம்மாள் ஐந்தாவது வரை படித்தவர். இரண்டு பெண் குழந்தைகள். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. ஜீப்பில் வருகிறவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள், எண்ணிக்கை காட்டுவதற்காகக் கல்யாணமாகாதவனைக்கூட விடுவதில்லை என்று ஊர் ஊராகப் பேச்சு. பக்கத்து ஊர் பெரியசாமியை ரேஷன் கார்டு விஷயம் என்று கூட்டிப்போய் மேசையில் படுக்க வைத்துவிட்டார்களாம். பெரியசாமியைக் கேட்டால் அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

ஆவணி மாதத்தில் ஒருநாள், வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக ஒருவர் சைக்கிளில் வந்து டீக்கடையில் இறங்கினார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு.

"இந்த ஊர்ல இருபதுக்கு மேல முப்பதுக்குள்ள, நல்லா ஓடியாடுற ஆம்பளைங்க யாரு யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"எதுக்குங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"கம்பெனிக்கு வேணும். பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

டீக்கடைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டு, டம்ளர் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்த் தெருவுக்குச் சேதி சொல்லி அனுப்பினார்.

வந்தவர் பெயர் சின்னப்பராஜ். வரதராஜன்பேட்டைக்காரர், வயது முப்பத்து நான்கு. அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனியில் பாறையைத் துளைக்கும் டிரில் மெஷின் ஓட்டுபவர். கம்பெனியின் கால்பந்துக் குழுவுக்குக் கேப்டன். அவர் பாடு அவருக்கு. இரண்டு வருஷமாகத் திருச்சி டோர்னமென்டில் கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார்கள். நடுவிலிருந்து அவர் அடித்துக் கொடுக்கும் பந்து கையால் வைத்ததுபோல் எதிராளியின் கோல் பக்கம் போய் விழும். எடுக்கத்தான் அங்கே ஆள் இருக்காது. வலது ஓரத்தில் முன்னால் ஓடி ஆட வேண்டிய ரைட் அவுட் தங்கராசு பாதி வழியில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார். முன்னால் ஆடும் மற்றவர்களும் அப்படித்தான். எல்லோரும் டிரில்லிலோ கல் உடைக்கும் கிரஷரிலோ வேலை பார்ப்பவர்கள். சோம்பல் என்று நினைத்தார் சின்னப்பராஜ். தனக்கும் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்துக்கொண்டார்.

"ஓடுறவனாப் பாத்துக் கொண்டா, தேறினா வேலை போட்டுத் தரேன்" என்று கம்பெனி அதிகாரி சொல்லியிருந்தார். அதனால்தான் இந்த அலைச்சல்.

டீக்கடையிலிருந்து அவர் கடலைக் காட்டுப் பக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அங்கே ஆறு ஆண்கள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையைக் கண்டதும் ஆறு பேரும் ஆறு பக்கமாகச் சிதறி ஓடினார்கள்.

"நில்லுங்க! பயப்படாதீங்க! ஆளு வேணும்னுதான் வந்தேன்!" என்று கத்தினார் சின்னப்பராஜ். அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஓடினார்கள்.

ஐந்து பேர் கூப்பிடு தூரத்திலேயே மூச்சு வாங்கி நின்றார்கள். ஆறாவது ஆள் வரப்பு வரப்பாகத் தாவி, காய்ந்த வாய்க்காலைத் தாண்டி, முள்வேலி குறுக்கே வந்தபோதும் வேகத்தைக் குறைக்காமல் உடம்பை ஒருபக்கம் சாய்த்துத் திரும்பிப் போய் மறைந்தார். சின்னப்பராஜ் நோட்டை எடுக்கவில்லை. அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது கொளஞ்சியம்மாள் வாசலை மறித்து நின்றார்.

"எங்க வூட்டுக்காரரு இல்லீங்க."

"எப்பம்மா வருவாரு?"

"சொல்லத் தெரியாதுங்க."

"அவரு ஓடுறதப் பாத்தேன். அந்த ஓட்டத்துக்கு எங்க கம்பெனில வேலையே குடுப்பாங்க."

கொளஞ்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓடுறதுக்கா வேலை? நாங்க பொறந்ததுலேருந்து ஓடிட்டுத்தான் இருக்கோம். இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டுக் குடுக்கலியே."

இதமாக ஏதாவது பேசலாம் என்று சின்னப்பராஜ், "புள்ளைங்க எத்தனைம்மா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். தட்டிக் கதவு முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது.

அடுத்த ஞாயிறு பந்தோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கொளஞ்சியம்மாள் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார். வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்த அய்யம்பெருமாள் மூன்றாவது தடவை வெளியே வந்தார். கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டார்.

"போறதுன்னா நானும் வருவேன். புள்ளைங்களும் வரும்" என்றார் கொளஞ்சியம்மாள்.

நால்வரும் பஸ் ஏறி அரியலூர் போனார்கள். மைதானத்தின் ஓரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழி பார்த்து, கொளஞ்சியம்மாள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்.

"பந்தப் பாக்காதீங்க தம்பி. நான் அடிச்சதும் அந்த மூலைக்கு ஓடுங்க. பந்து அங்க வந்துரும்" என்றார் சின்னப்பராஜ்.

"வராட்டி?"

"வரும்."

"நீங்க சொல்றீங்க."

முதல் தடவை தலையைப் பின்பக்கம் திருப்பியபடியே ஓடினார். பந்து சொன்ன இடத்தில் வந்து விழுந்தது. இரண்டாவது தடவையும் திரும்பிப் பார்த்தார், மூன்றாவது தடவையும் பார்த்தார். நான்காவது தடவை நேராக மூலையைப் பார்த்து ஓடினார். அவரைத் துரத்திய இரண்டு பேர் நாலே எட்டில் பின்தங்கிப் போனார்கள்.

தங்கராசு மட்டும் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆள் வந்தால் தன் இடம் போகும். சின்னப்பராஜ் கூடவே ஆடியவன் என்றும் பார்க்காமல் தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்ற சந்தேகம் அவருக்கு. ஆட்டம் முடிந்து அய்யம்பெருமாள் குழாயில் முகம் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றார்.

"டாக்டர் ரூமுக்குப் போயாச்சா?"

"எந்த டாக்டரு?"

"வேலையில சேரணும்னா டாக்டர் மேசையில படுத்தாகணும். உன்கிட்ட சொல்லலியா?"

சொன்னதில் பொய் இல்லை. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் உடம்பைச் சோதிப்பது கம்பெனி வழக்கம். மேற்கொண்டு விளக்கத்தான் தங்கராசுக்கு மனசில்லை.

என்னதான் செய்கிறார்கள் பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை அய்யம்பெருமாள் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர், "சட்டையக் கழட்டிட்டுப் படுப்பா" என்றார். அய்யம்பெருமாள் மேசையைப் பார்த்தார். மேலே விரித்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். பக்கத்துத் தட்டில் பளபளத்த கத்தரிக்கோலைப் பார்த்தார். பின்கதவு வழியாக ஓடிவிட்டார். வாட்ச்மேன் விசில் எடுப்பதற்குள் கேட்டைத் தாண்டியாயிற்று.

கொளஞ்சியம்மாள் சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சின்னப்பராஜிடம் வந்து நின்றார். "ஓட்டம் ஓட்டம்னு சொல்லிக் கூட்டியாந்து, கடைசில மேசைதானா? அன்னிக்குப் புள்ளைங்க எத்தனைன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

அப்போதுதான் சின்னப்பராஜுக்கு எல்லாம் விளங்கியது. அந்த வெள்ளைச் சட்டை, நோட்டு, வயசு, பிள்ளைக் கணக்கு. தன் கேள்விகளைத் தானே காதால் கேட்டதுபோல் கூசிப்போனார்.

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார் அய்யம்பெருமாள். சின்னப்பராஜ் கிட்டப் போகவில்லை. இருபதடி தள்ளி மண்ணில் உட்கார்ந்தார்.

"நெஞ்சு, கண்ணு, பல்லு. இதத்தான் பாப்பாங்க. வேற ஒண்ணுமில்ல."

அய்யம்பெருமாள் இன்னும் இரண்டடி தள்ளி உட்கார்ந்தார்.

"என் வார்த்தைய நம்ப வேணாம். மொதல்ல நான் படுக்கிறேன். நீங்க சன்னல்ல நின்னு பாருங்க."

"கதவு தொறந்தே இருக்கணும்" என்றார் பின்னாலேயே வந்திருந்த கொளஞ்சியம்மாள்.

அப்படியே நடந்தது. சின்னப்பராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு மேசையில் படுத்தார். டாக்டர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவர் பேச்சை நிறுத்தினார். எழுந்து உட்காரச் சொல்லி முதுகிலும் வைத்துக் கேட்டார்.

"டிரில்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினோரு வருஷம் சார்."

"படியேறினா மூச்சு வாங்குதா?"

"வாங்குது. வயசாகுதுல்ல சார்."

"முப்பத்து நாலு ஒரு வயசா? உள்ள தூசி படிஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். திருச்சிக்குப் போயி எக்ஸ்ரே எடுங்க. அதுவரைக்கும் பந்து கிந்துன்னு ஓடாதீங்க."

சின்னப்பராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பொத்தானைத் தேடினார். முன்னால் ஆடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று எத்தனை தடவை திட்டியிருப்பார்! தங்கராசு இடுப்பில் கைவைத்து நிற்பது கண்ணுக்குள் வந்தது.

சன்னலிலிருந்து கொளஞ்சியம்மாள் கேட்டார்: "எங்களுக்கும் அந்த மெஷின்லதான் வேலை போடுவாங்களா?"

சின்னப்பராஜ் ஆமாம் என்று தலையாட்டினார்.

அய்யம்பெருமாள் தானாகவே உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றினார். திறந்திருந்த கதவிலிருந்து பார்வையை எடுக்காமல் படுத்தார். அவருடைய நெஞ்சு சுத்தமாக இருப்பதாக டாக்டர் எழுதினார்.

அந்தக் காகிதத்தை வாங்கிய அதிகாரியிடம், "தூசியில்லாத வேலையா இருந்தா சேருறேங்க" என்றார் அய்யம்பெருமாள். அதிகாரிக்குக் கோபம் வந்தது. வேலைக்காக அரியலூரே வாசலில் நிற்கிறது என்றார். அய்யம்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். திருச்சிக் கோப்பையில் அதிகாரிக்கும் ஆசை இருந்தது. கூப்பிட்டுத் தண்ணீர் பம்ப் பார்க்கும் வேலை கொடுத்தார். உத்தரவைக் கொளஞ்சியம்மாள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்த பிறகுதான் அவர் கைநாட்டு வைத்தார்.

திருச்சியில் எடுத்த எக்ஸ்ரேயும் கம்பெனி டாக்டர் சொன்னதையே சொன்னது. சின்னப்பராஜ் ஆட்டத்தை விட்டார். டிரில்லை விட வழியில்லை. மாற்று வேலை கேட்டதற்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மைதானத்தில் தன் இடத்துக்குத் தங்கராசுவைக் கொண்டுவந்தார்.

"என்னை மெதுவா வெளிய தள்ளவா?" என்றார் தங்கராசு.

"ஓட வேணாம்ப்பா. நடுவுல நின்னு அடிச்சுக் குடு. உன் கால்ல அது இருக்கு. ஓடுறதுக்கு அந்தத் தம்பி இருக்காரு."

தை மாதம் திருச்சியில் மறுபடி கடைசி ஆட்டம். முதல் பாதியில் ஒன்றும் சரியாக நடக்கவில்லை. தங்கராசு பந்தை அடிக்கும்போதெல்லாம் அய்யம்பெருமாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கிற நேரத்தில் எதிராளி முந்திக்கொண்டார். ஒரு கோல் வாங்கியிருந்தார்கள்.

இடைவேளையில் தங்கராசு எலுமிச்சம்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரருகில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு டாக்டர் பேச்ச வேணும்னேதான் எடுத்தேன். நீ பயந்து போயிடுவேன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்."

இரண்டாம் பாதியில் அவர் தலை திரும்பவில்லை. தங்கராசு அடித்த பந்து பறப்பதற்கு முன்பே கிளம்பினார். இரண்டு தடவை மூலைக்குப் போய்ப் பந்தைக் கோலுக்கு முன்னால் தள்ளிக் கொடுத்தார். இரண்டு தடவையும் முன்வரிசை நடுவில் ஆடிய மதுரைவீரன் கோலுக்குள் போட்டார். கோட்டுக்கு வெளியே நின்ற சின்னப்பராஜ் கத்தப் போய் இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கோப்பையோடு திரும்பிய அன்று அதிகாரி குஷியாக இருந்தார். "என்னப்பா வேணும், கேளு" என்றார்.

"சின்னப்பண்ணன டிரில்லேருந்து எடுத்துடுங்க சார்."

"ஆகட்டும், செஞ்சிடலாம்."

"எழுதிக் குடுங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அய்யம்பெருமாள் சிரிக்கவில்லை. காகிதம் வரும்வரை அந்த அறையை விட்டு நகரவும் இல்லை. அடுத்த வாரம் சின்னப்பராஜ் ஸ்டோருக்கு மாறினார்.

அய்யம்பெருமாள் 1984 வரை ரைட் அவுட்டாக ஆடினார். பம்ப் வேலை நிரந்தரமாயிற்று. சின்னப்பராஜுக்கு இருமல் போகவில்லை, முற்றவும் இல்லை. அவர் மகள் ஆரோக்கிய செல்வியின் கல்யாணத்துக்கு அய்யம்பெருமாளும் கொளஞ்சியம்மாளும் இரண்டு நாள் முன்னதாகவே பிள்ளைகளோடு வரதராஜன்பேட்டைக்குப் போய்விட்டார்கள். தங்கராசுவும் வந்து பந்தல் போடுவதிலிருந்து கூடவே நின்றார். மத்தியானப் பந்தியில் மூன்று குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டன.