கடைசி வகுப்பும் கல்மண்டபத்து கிளினிக்கும்

முதல் தடவை நீட் எழுதியபோது எனக்குச் சீட் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று மதிய ஷிப்டில் விலங்கியல் சேர்ந்தேன். விடிகாலையில் நீட்டுக்குப் படிப்பு, மதியம் கல்லூரி, சாயங்காலம் எங்கள் பேட்டையான கல்மண்டபத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. கிளினிக் ஐந்து மணிக்குத் திறக்கும். கல்லூரி முடிவதோ ஐந்தரைக்கு. அதனால் கடைசி வகுப்பில் என்னை யாரும் பார்த்ததில்லை.

கிளினிக்கில் மேசைக்கு அடியில் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிப்பேன். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வரும் மீன்கார அக்கா ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னா கண்ணு, கீய குனிஞ்சிகினு இன்னா பண்றே?"

"நீட்டுக்குப் படிக்கிறேன்க்கா."

"அத்த ஏன் ஒளிச்சி படிக்கிறே? குடு, நான் கேக்கறேன்."

அவருக்கு எழுதப் படிக்க வராது. ஆனாலும் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, "சொல்லு" என்றார். நான் இதயத்தின் வால்வுகளை ஒப்பித்தேன்.

"தப்பு."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"உன் மூஞ்சிதான் முழிக்குதே."

பார்த்தால், இடதையும் வலதையும் மாற்றிச் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து காத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். காய்ச்சலோடு வந்த ஓர் ஆட்டோக்காரர் கேள்வியை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கைதூக்கி விடைக்கு ஓட்டுப் போடுவார்கள். ஒருநாள் டாக்டரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, வெளிய இவ்வளவு கூட்டம், உள்ள ஒருத்தரும் வரலியே?"

"இரு டாக்டரு, கிட்னி முடியட்டும்" என்றார் ஆட்டோக்காரர்.

இதற்கிடையே கல்லூரியில் என் வருகைப்பதிவு பாதாளத்துக்குப் போயிருந்தது. வீட்டிலிருந்து பெரியவர்கள் யாராவது வராவிட்டால் செமஸ்டர் எழுத முடியாது என்றார் துறைத்தலைவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அம்மாவுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மீன்கார அக்கா, "நான் வர்றேன். பெரிம்மான்னு சொல்லிக்கலாம்" என்றார்.

மறுநாள் பட்டுப்புடவையில் கல்லூரிக்கு வந்து இறங்கினார். துறைத்தலைவர் அறை வாசலில் பியூன், "டாக்டர் உள்ள வரச் சொல்றாரு" என்று சொன்னதுதான் வினையாகிப் போனது. துறைத்தலைவர் என் குறைகளை அடுக்கி முடிக்கும்வரை அக்கா பொறுமையாகத் தலையாட்டினார்.

"பொண்ணு ஊர் சுத்தல சார், வேலைக்குப் போவுது. அத்த நான் பாத்துக்கறேன். நீ இந்த முட்டிய கொஞ்சம் பாரு, ரொம்ப பேஜாரு பண்ணுது" என்று காலை நீட்டினார்.

எனக்கு அங்கேயே மறைந்துபோய்விடலாம் போலிருந்தது.

"அம்மா, நான் அந்த டாக்டர் இல்ல. நண்டைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி வாங்கின பட்டம்."

"நண்டுக்கா டாக்டரு?" அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் தெனம் நண்டு விக்கிறேன் சார். ஒண்ணுகூட ஒடம்பு சரியில்லன்னு சொன்னதில்ல."

துறைத்தலைவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வேலைக்குப் போறேன்னு முதல்லயே ஏன் சொல்லல?"

"நீங்க வகுப்புல கேட்டப்பல்லாம் நான் கிளினிக்ல இருந்தேன் சார்."

என் கடைசி வகுப்பைக் காலை ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி அக்காவிடம், ஞாயிற்றுக்கிழமை நல்ல நண்டாகக் கிடைக்குமா என்று கேட்டார்.

செமஸ்டரில் வேதியியல் மட்டும் விளிம்பில் தப்பியது. அந்த வருஷ நீட்டில், தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. செய்தி வந்தபோது அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். "சரி, டூட்டிக்கு நேரமாச்சி" என்று வெளியே போய்விட்டார்.

இவ்வளவுதானா என்று வாசலிலேயே நின்றேன். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். என் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தார்.